வதனியைக் கவிழ்க்க நூற்றைம்பது கிராம்

மார்ச் 8, சனி

காலையில் ஆலங்கட்டி மழை, பத்து நிமிடம். பிறகு வெயில். துணி காயவில்லை.

வதனி வீடியோ அனுப்பியிருக்கிறாள். அவளும் பிரியாவும் செய்த குட்டிச் சண்டை ரோபோ, உள்ளங்கையளவு. முன்னால் நிமிர்ந்து சுழலும் இரும்புத் தட்டு. ஒரு தக்காளியைச் சுவரெல்லாம் அடித்தது. பின்னால் இருவரின் சிரிப்பு.

ஜெர்மனிக்கு வந்து அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி செய்த காலத்திலிருந்து பதினாறு வருடச் சிநேகிதி. ரோபோ செய்வோம் என்று முதலில் சொன்னது நான். என் குசினியில் என் தேத்தண்ணீரைக் குடித்தபடி "ஓமடி, செய்வம்" என்றவள். செய்தது சென்னையிலிருந்து வந்து ஒரு வருடம்கூட ஆகாத பிரியாவோடு. எஞ்சினியராம்.

இனி இவர்கள் வெறும் வ., பி. தான். முழுப்பெயர் எழுதக் கை வரவில்லை.

அவர்கள் போகிற ரோபோச் சண்டைப் போட்டிக்கு நானும் பெயர் கொடுத்தாயிற்று. தனியாக.

மார்ச் 11, செவ்வாய்

மப்பு வானம். வேலையில், பல் கட்டும் லாப்பில், ஏழு பற்கள் செய்து முடித்தேன், ஒன்று நிறம் பிழைத்துத் திரும்பி வந்தது.

என் முதல் ரோபோவுக்கு என்ன ஆயுதம்? எடை எல்லை 150 கிராம்.

– நிமிர்ந்த தட்டு: வ. வைத்திருப்பது. அதைவிடப் பெரிதாக வைக்க ஆசை. வைத்தால் பார்த்துச் செய்தேன் என்பாள்.
– படுத்துச் சுழலும் தகடு: அடிக்கிற அடியில் தானே பறந்துவிடும்.
– சுத்தியல்: பார்க்க அழகு. ஒன்றும் உடையாது.
– தூக்கி: குட்டி மோட்டர், ஒரு கரண்டி. எதிரியின் அடியில் நுழைத்துக் கவிழ்ப்பது. புதியவர்களுக்கு இதுதான் நல்லது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அதனாலேயே பிடிக்கவில்லை.

பால், வெங்காயம், பசை வாங்க வேண்டும்.

மார்ச் 13, வியாழன்

அந்த வீடியோவை முப்பது தடவையாவது பார்த்திருப்பேன். வெட்கம்தான். ஆனால் கண்டுபிடித்துவிட்டேன். அவர்கள் ரோபோ திரும்பும்போது தட்டின் வேகத்தில் ஒரு பக்கச் சில்லு தரையை விட்டு எழும்புகிறது. அந்த இடைவெளி போதும்.

தூக்கிதான். கரண்டி முனைத் தடிப்பு அரை மில்லிமீற்றர். பல் சீவுகிற கை, இதை யாரும் சொல்லித்தர வேண்டாம்.

வ. எனக்குப் போன் எடுத்தாள். "எடியே, என்ன ஆயுதம் வைக்கிறாய்? சொல்லன்."

"இன்னும் யோசிக்கேல்ல."

"பிரியாட்டைக் கேளன், அவள் நல்லாச் சொல்லித்தருவாள்."

அடுப்பில் பருப்பு என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

மார்ச் 21, வெள்ளி

கோயில். புதுக் கார் வாங்கினால் கொண்டுபோவதுபோல ரோபோவையும்.

ஐயர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதென்ன பிள்ளை, விளையாட்டுக் காரோ?"

"ஒரு மாதிரி, ஐயா."

சந்தனம், குங்குமம். சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து ஏற்றச் சொன்னார். எங்கே ஏறுவது, தேசிக்காய்தான் பெரிது. கையால் நசுக்கினேன்.

வேண்டியது: வ. தோற்க வேண்டும், எல்லோருக்கும் முன்னால். பிறகு பழையபடி என்னிடம் வர வேண்டும். முருகனிடம் இப்படியும் கேட்கலாமா தெரியாது. கேட்டுவிட்டேன்.

மார்ச் 22, சனி

போட்டி. நல்ல குளிர்.

தராசில் 150.8. வீட்டில் 149.7 காட்டியது! எடை பார்த்தவர் முடியாது என்று தலையாட்டினார். சந்தனம். ஐயர் அள்ளி அப்பியிருந்தார்.

பி. ஈரத்துணியோடு ஓடிவந்தாள். "அக்கா, டென்ஷன் ஆகாதீங்க, நான் துடைச்சுத் தரேன்." துடைத்தும் தந்தாள். நல்ல பிள்ளை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

முதல் இரண்டு சண்டையும் தோல்வி. ஒரே ஒரு ரோபோவுக்காகச் செய்த கரண்டி, வேறெதற்கும் அடியில் நுழையவேயில்லை.

மூன்றாவது சண்டை வ.வோடும் பி.யோடும். அவர்கள் ரோபோ திரும்பியது. சில்லு எழும்பியது. நுழைத்தேன், தூக்கினேன். மல்லாக்க விழுந்து சில்லுகள் சும்மா சுற்றின. பத்து வரை எண்ணினார்கள். எனக்குத்தான் வெற்றி.

வ. என்னை நோக்கி வந்தாள். கட்டிப்பிடிப்பாள் என்று இரண்டு கையையும் விரித்துவிட்டேன். ஒரு கையைப் பிடித்துக் குலுக்கினாள், மற்றப் போட்டிக்காரர்களுக்குக் கொடுத்ததுபோலவே. "நல்லாச் செய்தாயடி." பிறகு பி.யிடம் போய், அவள் தோளில் சாய்ந்து அழுதாள். பி. முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

நான் ரோபோவைப் பெட்டியில் வைத்து மூடினேன். வீடு திரும்பும்போது யு-பான் ரயிலில் இருக்க இடம் கிடைத்தது. பெட்டியைப் பக்கத்து இருக்கையில் வைத்தேன்.