கதவு திறக்கிற அளவு இடம்

அன்புள்ள தம்பிக்கு,

நலம் விசாரித்துவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும் என்பதால் முதலில் அதை முடித்துவிடுகிறேன். நீயும் உன் மனைவியும் நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அவளுக்கு இருமல் விட்டதா என்று அம்மா கேட்கச் சொன்னாள். அம்மாவுக்கு இரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது, வாய்தான் இல்லை. நானும் இருக்கிறேன். இனிமேல் எழுதப்போவது எல்லாம் கோபம்.

போனில் பேசாமல் இதென்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ "என்னக்கா" என்று இழுத்துச் சிரிப்பாய். அந்தச் சிரிப்புக்கே என் கோபத்தில் பாதி போய்விடும். மீதியை அம்மா போனைப் பிடுங்கி முடித்துவைப்பாள். காகிதத்தில் உன்னால் சிரிக்க முடியாது, அவளாலும் பிடுங்க முடியாது.

நீ கிளம்புவதற்கு முதல் நாள் உன் பெட்டியின் பிடி அறுந்தது. புதுப் பெட்டி வாங்க என் காரை எடுத்துக்கொண்டு போனாய். என்னிடம் கேட்டுத்தான் எடுத்தாய், அதில் குற்றமில்லை. கையால் ஓட்டுகிற நெம்புகோல் பொருத்தியிருந்தாலும் கால் மிதிகள் அப்படியே இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் ஓட்டலாம். ஆனால் அந்தக் கடை வளாகத்தில் சக்கர நாற்காலி படம் வரைந்த இடத்தில் நிறுத்துவதற்கும், முன் கண்ணாடியடியில் கிடந்த என் நீல அட்டையை, நடக்க முடியாதவர்களுக்கான நிறுத்த அனுமதி அட்டையை, எடுத்து எல்லோர் கண்ணிலும் படும்படி நிமிர்த்தி வைப்பதற்கும் நீ என்னிடம் கேட்கவில்லை. பரிசோதகர் வந்து அட்டைக்குரியவர் எங்கே என்று கேட்டபோது, "அக்கா உள்ள இருக்காங்க, வாசல்ல ஏத்திக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாய். அக்கா அப்போது வீட்டில் உன் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

நீ விமானம் ஏறிப் போய்விட்டாய். எனக்கு அட்டை கொடுத்த அலுவலகத்திலிருந்து ஓலை வந்தது. விசாரணை முடியும்வரை அட்டை நிறுத்திவைக்கப்படுகிறது, உடனே கொண்டுவந்து ஒப்படைக்கவும் என்று. அதைச் சொன்னபோது நீ கேட்ட கேள்வி இன்னும் என் காதில் நிற்கிறது. "அது காருக்குக் குடுத்ததுதானே, கார்தானே அங்க நின்னுச்சு." அந்த அட்டையின் பின்பக்கம் என் படம் ஒட்டியிருக்கிறது, தம்பி. காரின் படம் இல்லை. நான் வாடகை வண்டியில் போனாலும் அந்த அட்டை என்னோடு வரும், நான் இல்லாத கார் என்னுடைய காராகவே இருந்தாலும் அதற்கு அங்கே வேலை இல்லை. இத்தனை வருடம் படித்தவன், நம் வீட்டிலேயே ஒருத்தி அட்டையோடு இருக்கிறாள், உனக்கு இது தெரியவில்லை என்றால் நான் யாரிடம் போய் அழுவது.

அடுத்த வாரம் பேசும்போது இன்னொரு வார்த்தை சொன்னாய். சலுகை. "ஒரு சலுகை போனா போகுதுக்கா, விடு" என்றாய். சலுகை என்றால் என்னவென்று நினைத்துக்கொண்டிருக்கிறாய்? வாசலுக்குப் பக்கத்தில் நிழலில் மகாராணி மாதிரி இறங்குவது என்றா? நான் எப்படி இறங்குகிறேன் என்று நீ ஒரு தடவையாவது பார்த்திருக்கிறாயா? நான் போய்ச் சேர்வதற்குள் நீ எப்போதும் கடைக்குள் போய்விடுவாய். கதவை முழுதாகத் திறக்க வேண்டும். பக்கத்து இருக்கையிலிருந்து நாற்காலியின் சட்டத்தைத் தூக்கி என் மடிமேல் இழுத்து வெளியே இறக்க வேண்டும், சக்கரங்களை மாட்ட வேண்டும், பிறகு கையை ஊன்றி என்னை நானே தூக்கி அதில் போட வேண்டும். அதற்காகத்தான் அந்த இடத்துக்குப் பக்கத்தில் கோடு கோடாகப் போட்டு ஒரு பட்டை விட்டிருக்கிறார்கள். அது வண்டி நிற்க இல்லை, நாற்காலி நிற்க. அதைச் சும்மா கிடக்கிற இடம் என்று நினைத்து பைக்கைச் சொருகிவிட்டுப் போகிற புண்ணியவான்களை நான் தினமும் பார்க்கிறேன். அவர்களை வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன். அந்தக் கூட்டத்தில் என் தம்பியும் ஒருவன் என்று தெரியாமல் போயிற்று.

அட்டை இல்லாமல் நான் எப்படி வேலைக்குப் போகிறேன் என்று நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு முன்னால் இருப்பது ஒரே ஒரு நீல இடம், அட்டை இல்லாமல் அதில் நிறுத்தக் கூடாது. பின்பக்கம் பொது நிறுத்தத்தில் ஓரமாக, கதவுப் பக்கம் காலியாக இருக்கிற இடமாகப் பார்த்து நிறுத்துகிறேன். போன வாரம் லென்ஸ் வெட்டி முடித்துவிட்டு மாலையில் வந்தால், ஒரு வேன்காரர் என் காரோடு உரசுகிற மாதிரி ஒட்டி நிறுத்திவிட்டுப் போயிருந்தார். கதவு ஒரு சாண் திறந்தது. மழை. குடை பிடித்தால் சக்கரத்தைத் தள்ளக் கையில்லை, சக்கரத்தைத் தள்ளினால் குடைக்குக் கையில்லை. தள்ளிக்கொண்டு போய் ஒதுங்கவும் ஒரு கூரை இல்லை. என் கார் என் கண்முன்னால் நிற்கிறது, சாவி என் கையில் இருக்கிறது, நான் அதன் பக்கத்தில் நனைந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன். போனில் பேசிக்கொண்டே நிதானமாக வந்த அந்த மனிதர், "சத்தம் போட்டுக் கூப்பிட்டிருக்கலாமே மேடம்" என்றார். யாரை? வேனையா?

மறுநாள் காய்ச்சல். விடுப்பு கேட்டதற்கு முதலாளி தன்மையாகத்தான் பேசினார். அவர் நல்ல மனிதர், அதுதான் இன்னும் எரிச்சல். கொஞ்ச நாளைக்கு வீட்டிலிருந்தே ஏதாவது செய்ய முடியுமா என்றார். லென்ஸ் வெட்டும் எந்திரத்தை அம்மாவின் மிக்சிக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தார் போலிருக்கிறது. அட்டை திரும்பி வராவிட்டால் அந்தத் தன்மையான பேச்சு எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும்.

நீ ஒரு வழி சொன்னாய். டிரைவர் போட்டுக்கொள், சம்பளம் நான் அனுப்புகிறேன் என்றாய். பெரிய மனசு. முதுகுத்தண்டு அறுவைக்குப் பிறகு என்னைக் குளிப்பாட்ட ஒருத்தி, தூக்க ஒருத்தர், தள்ள ஒருத்தர் என்று நான் பட்டது போதும். அந்தக் காருக்குள் மட்டும்தான் என் முதுகுக்குப் பின்னால் யாருடைய கையும் இல்லை. அதையும் ஒருத்தரிடம் கொடுத்துவிட்டுப் பின்னால் பொட்டலம் மாதிரி உட்கார் என்கிறாயா?

சரி, விசாரணைக்கு வருகிறேன். அதற்கு முதல் நாள் நீ போன் செய்து சொல்லிக்கொடுத்ததை மறந்திருக்க மாட்டாய். "நீயும் கூட வந்தேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுக்கா, முடிஞ்சு போச்சு." அம்மாவும் சேர்ந்துகொண்டாள். "ஒரு வார்த்தைதானேடி. பிழைக்கப் போன எடத்துல அவன் பேரு கெட்டா நல்லாவா இருக்கும்" என்றாள். என் பேர் கெடுவதைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் போகும் வழியெல்லாம் அந்த வார்த்தையை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் போனேன். எனக்கு அட்டை வேண்டும், தம்பி. அதற்காகச் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன்.

அந்த அறையில் அதிகாரி அம்மா இருந்தார், பரிசோதகர் இருந்தார், இன்னொருவர் சக்கர நாற்காலியில் இருந்தார். அவர்தான் புகார் கொடுத்தவர். நம் அப்பா இருந்திருந்தால் அவர் வயது இருக்கும். பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவராம். விபத்தில் இரண்டு காலும் போய், கையால் ஓட்டப் பழகி, முதல் முறையாகத் தனியாக வெளியே வந்த நாளாம் அது. சவரக்கத்தி வாங்க வந்திருக்கிறார். வீட்டில் எல்லோரும் நான் வாங்கித் தருகிறேன் என்றார்களாம், இல்லை, நானே போகிறேன் என்று வந்திருக்கிறார். அந்த வளாகத்தில் இருப்பது ஒரே இடம், அதில் நம் கார் நிற்கிறது.

அவருக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "கண்ணாடியில அட்டையப் பார்த்தேன், உள்ள கை நெம்புகோலப் பார்த்தேன். நம்ம ஆளு ஒருத்தர் உள்ள இருக்காருன்னு சந்தோஷமா இருந்துச்சு. வந்தா ரெண்டு வார்த்தை பேசலாம், இத எங்க மாட்டினாங்கன்னு கேக்கலாம்னு காத்திருந்தேன்." ரொம்ப நேரம் காத்திருந்தாராம். அப்புறம் நீ வந்தாயாம். புதுப் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு, படிக்கட்டை இரண்டிரண்டாகத் தாண்டி. அதற்குப் பிறகுதான் அங்கே சுற்றிக்கொண்டிருந்த பரிசோதகரைக் கூப்பிட்டிருக்கிறார். சவரக்கத்தி வாங்காமலே வீட்டுக்குப் போயிருக்கிறார், அதற்கப்புறம் தனியாக வண்டியை எடுக்கவும் இல்லையாம்.

நீ அந்த அறையில் இருந்திருக்க வேண்டும். இருந்திருந்தால் உன் முகத்தில் ஈயாடியிருக்காது. அதிகாரி அம்மா என்னைப் பார்த்து, அன்று நீங்கள் காரில் இருந்தீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். என் தம்பி எனக்குத் தெரியாமல் அட்டையை வைத்தான் என்றேன். பரிசோதகரிடம் அவன் சொன்னது பொய் என்றும் சொன்னேன். அவனைக் காட்டிக்கொடுத்துவிட்டாயே என்று அம்மா இன்றுவரை என்னோடு சரியாகப் பேசவில்லை. காபியை மேசையில் ணங்கென்று வைத்துவிட்டுப் போகிறாள்.

ஆனால் என் வாய்ச்சொல் போதாதாம். அட்டையைத் தெரிந்தே கொடுத்துவிட்டு, மாட்டிக்கொண்ட பிறகு தெரியாது என்று சொல்கிறவர்கள் நிறையப் பேராம். ஓட்டியவர் கையெழுத்துப் போட்டு, அக்காவுக்குத் தெரியாமல் வைத்தேன் என்று எழுதித் தந்தால் அட்டையைத் திருப்பித் தருவார்கள். தராவிட்டால் ரத்து. மாதக் கடைசிவரை பொறுப்பதாகச் சொன்னார். நீ பயப்படுகிறாயே, அந்த நாட்டுக் குடியுரிமை மனுவில் இடிக்கும் என்று, அதையும் வெட்கத்தை விட்டு அவரிடமே கேட்டேன். ஓட்டியவருக்கு அபராதம் உண்டு, அதோடு சரி, வேறு எங்கும் போகாது என்றார். அதனால் அந்தச் சாக்கும் இனி இல்லை.

வெளியே வரும்போது அந்தப் பெரியவர் வாசலில் காத்திருந்தார். புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள் என்று நான் கேட்கவில்லை, அவரும் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லவில்லை. நெம்புகோல் எங்கே மாட்டினீர்கள் என்று கேட்டார். அவருடையது இழுக்கும்போது இறுகுகிறதாம். என் மெக்கானிக் நம்பரைக் கொடுத்தேன். உன் சார்பில் மன்னிப்பு கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. அது நீ கேட்க வேண்டியது. அவர் நம்பரையும் இதோடு வைத்திருக்கிறேன்.

எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. சுற்றி வளைக்காமல், பூசி மெழுகாமல், நடந்ததை நடந்தபடி எழுது. அனுப்பாவிட்டால் உன்னை என்ன செய்துவிடப் போகிறேன்? அம்மாவின் மகன் நீ, பண்டிகை நாளில் போன் செய்வாய், நானும் எடுப்பேன், நன்றாக இருக்கிறேன் என்பேன். அவ்வளவுதான் பேசுவேன்.

கடிதத்தை ஒரு நல்ல வார்த்தை சொல்லித்தான் முடிக்க வேண்டும். உனக்கு அந்த அட்டை ஒரு நாளும் தேவைப்படாமல் இருக்கட்டும். நீ படி தாண்டி வந்ததை அந்தப் பெரியவர் சொன்னபோது, இத்தனை கோபத்திலும், என் தம்பிக்குக் கால்கள் நன்றாக இருக்கின்றன என்று ஒரு கணம் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

இப்படிக்கு,
உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அக்கா