மாற்ற முடியாத இரண்டு எண்கள்

அன்புள்ள நைனாவுக்கு,

மீனவர் வீட்டுப் பெண்ணுக்கு நீச்சலைத் தவிர ஒன்றும் தெரியாது என்றுதான் இந்தக் கோயம்புத்தூர்க் கல்லூரியில் நினைக்கிறார்கள். உங்கள் தோள்வலி குறைந்ததா? அம்மா வேளைக்குச் சாப்பிடுகிறாளா?

நேற்று பைத்தான் என்ற கணினி மொழி வகுப்பில் 'டியூப்பிள்' பாடம். சில மதிப்புகளை வரிசையாகச் சேர்த்து எழுதிவிட்டால், பிறகு உள்ளே எதையும் மாற்ற முடியாது. ஆசிரியர் உதாரணம் கேட்டபோது எல்லோரும் விழித்தார்கள். நான் எழுந்துபோய், நமக்கு வஞ்சிரம் கிடைக்கும் பாறையின் ஜிபிஎஸ் எண்கள் இரண்டையும் பெரிய திரையில் போட்டேன். கைதட்டினார்கள். படகில் பக்கத்தில் உட்காரவைத்து அவற்றைப் படிக்கச் சொல்லித் தந்தீர்களே, அதற்கு நன்றி நைனா.

அப்புறம்தான், "நம்ம பாறை நம்பர எவன்கிட்டயும் மூச்சு வுடாத" என்று நீங்கள் சொன்னது நினைவுக்கு வந்தது. ஓர் எண்ணையாவது மாற்றப் பார்த்தேன். முடியாது என்று கணினி பிழை காட்டியது. பக்கத்தில் இருந்த வகுப்புத் தோழி நிவேதா சிரித்தாள்: "ஏய், எங்கண்ணனும் கடலூர்ல மீன்புடி படகு வெச்சிருக்கான்டி!" விளையாட்டுக்குத்தான் சொன்னாள். கவலைப்படாதீர்கள்.

நெத்திலிக் கருவாடு கொஞ்சம் அனுப்புங்கள். இங்கே சாப்பாட்டில் கடல் வாசமே இல்லை. வகுப்புக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மோனிஷா

நம் பாறைப் பக்கம் வேறு படகு வந்ததா? உடனே சொல்லுங்கள் நைனா.