பந்தாடப் போன காக்காவுக்கு, பயத்தோடு

என் கூடப்பிறந்த உயிரான காக்கா,

உங்கள் மீது அல்லாஹ்வின் ஸலாம் உண்டாகட்டும். மதராஸில் ஒரு பள்ளிவாசல் மையவாடியில், வேப்ப மரத்துக்குப் பக்கத்தில் உங்களை அடக்கினார்களாம். உங்களோடு விளையாடிய திருக்கோவில் ஊர் செல்வராசா அண்ணன் சொல்லித்தான் அதுவும் தெரியும். அங்கே வந்து நின்று கதைக்க எனக்கு வழியில்லை. அதனால் எழுதுகிறேன்.

உம்மா சுகமாக இருக்கிறா. தம்பி அன்வர் படிப்பை முடித்துவிட்டான். உங்களை விட ஒரு விரல் உயரம். என் வீட்டுக்காரர், உங்கள் மச்சான், கல்முனைக் கடையில் கைத்தறிச் சாறன் துணி விற்கிறார். எனக்கு எட்டு மாதம் முடிகிறது. எல்லாம் நல்ல செய்திதானே? பிறகேன் எனக்கு உறக்கம் வருவதில்லை என்று கேட்பீர்கள்.

போன மாதம் கொழும்பிலிருந்து ஒரு கார் வந்து நம் சாய்ந்தமருது வீட்டு வாசலில் நின்றது. நீங்கள் கடைசியாக விளையாடிய அதே தேயிலைக் கொம்பனியின் ஆள். அன்வரை நிமிர்ந்து பார்த்தவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "தம்பிக்கு வேலை தயார். பேருக்குக் கிளாக்கர், பின்னேரம் பாஸ்கட்போல். அண்ணனோட இடம் இன்னும் காலியாத்தான் இருக்கு."

அந்தச் சொல்லைக் கேட்டதும் உம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டா. ஐம்பத்தெட்டுக் கலவரத்துக்குப் பிறகு கொழும்பு என்றாலே அவவுக்கு நடுக்கம். அதோடு நீங்கள் போய்த் திரும்பாத வழி அது. அன்வரின் முகத்தில் மட்டும் விளக்கேற்றியது போல ஒரு வெளிச்சம்.

உங்களுக்கும் அந்த வெளிச்சம் இருந்தது, காக்கா. மட்டக்களப்பு மிஷன் பள்ளிக்கூடத்தில் பழகி, கொழும்பில் வேலை கிடைத்து நீங்கள் முதல் முறை லீவில் வந்தபோது மாமா கேட்டார்: "பந்த ஒரு வளையத்துக்குள்ள போடுறத்துக்குச் சம்பளமா? ஆருக்கு மனே பொய் சொல்றாய்?" நீங்கள் பீப்பாய் வளையமொன்றைத் தென்னையில் கட்டி, கடற்கரையில் நின்றபடியே பந்தை எறிந்தீர்கள். வலை இழுத்துக்கொண்டிருந்த ஆட்கள் கயிற்றைப் பிடித்தபடி வாயைப் பிளந்து பார்த்தார்கள். மாமா மட்டும், "இதுக்குப் போய்க் கொழும்புக்குப் போகணுமா?" என்றார்.

கொழும்பு மட்டுமா? ஒரு கொம்பனியை விட்டு இன்னொரு கொம்பனி, பிறகு மலைநாட்டுத் துரைமாரின் அணி, மறுபடியும் கொழும்பு. ரங்கூன், சிங்கப்பூர், கோலாலம்பூர் என்று கப்பலேறினீர்கள். சாப்பிட உட்கார்ந்தால் ஊர் ஊராகக் கதை சொல்வீர்கள். சிங்கப்பூரில் இரவும் பகல் போல இருக்குமாம். ரங்கூனில் மழை பெய்து தரை வழுக்க, இரண்டு அணியும் விழுந்து விழுந்து விளையாடியதாம். உம்மா சோற்றைப் போட மறந்து கேட்டுக்கொண்டிருப்பா.

ஆனால் கடைசி இரண்டு லீவிலும் நீங்கள் படுத்து உறங்கவில்லை. சுவரில் தலையணையை வைத்துச் சாய்ந்தபடியே கண்ணை மூடினீர்கள். "வாயு புள்ள, கொழும்புச் சாப்பாடு" என்றீர்கள். எனக்கு அப்போதே ஏதோ செய்தது. கேட்டால் சொல்லியிருப்பீர்களா?

பிறகு சைக்கிளில் தந்தி வந்தது. மதராஸில் ஆட்டத்தின் நடுவே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தீர்கள் என்பதும், அடக்கியாகிவிட்டது என்பதும் ஒரே தந்தியில். இன்றைக்கும் சைக்கிள் மணி கேட்டால் உம்மா எழுந்து உள்ளே போய்விடுகிறா.

கார் வந்துபோன கதை எப்படியோ திருக்கோவிலுக்கு எட்டியிருக்கிறது. மறுநாள் மத்தியானம் செல்வராசா அண்ணன் வியர்க்க விறுவிறுக்க வந்து நின்றார். கலவரத்தில் கொழும்பு வேலையை விட்டு ஊரோடு வந்துவிட்டவர் அவர். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை.

"தங்கச்சி, அன்வர இப்ப அனுப்ப வேணாம். முதல்ல ஒரு டொக்டருக்கு நெஞ்சக் காட்டுங்க."

"ஏன் அண்ணே?"

அவர் உம்மா இருந்த அறையைப் பார்த்துக் குரலைத் தணித்தார். "சிங்கப்பூர்ல வச்சு ஒரு டொக்டர் அவனச் சோதிச்சவர். நெஞ்சுல இருந்து வாற பெரிய குழாய் வீங்கிக் கிடக்கு, இனி ஓடப்படாது எண்டு சொன்னவர். இப்பிடி உயரமா, கைவிரல் நீளமா இருக்கிற குடும்பங்கள்ல இது வாறதாம். வீட்டுக்குச் சொல்லாத எண்டு என்னட்ட சத்தியம் வாங்கிப்போட்டான். பந்த விட்டா வேலை போயிரும், தங்கச்சிர வீடு அரைவாசில நிக்குது எண்டான்."

காக்கா, நான் அப்போது சாய்ந்து நின்றது அந்த வீட்டின் சுவரில்தான். வாப்பா மௌத்தான பிறகு, பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுக்கும் கடமை உங்கள் தலையில் விழுந்தது எனக்குத் தெரியும். ஓடு போட்டது எந்த ஆட்டத்துக்குப் பிறகு? சிங்கப்பூருக்கு முன்னா, பின்னா? அன்றிலிருந்து இந்தச் சுவரைத் தொடவே கை கூசுகிறது.

அடுத்த கிழமை நானும் உங்கள் மச்சானும் அன்வரைக் கூட்டிக்கொண்டு மட்டக்களப்புக்கு பஸ் ஏறினோம். எனக்கு ஓத வந்ததெல்லாம் வழி நெடுக ஓதினேன். கல்லடிப் பாலத்துக்கு மேலே பஸ் வந்தபோது அன்வர், "என்ன ராத்தா, நான் தூக்குக்குப் போறமாதிரி முகத்த வச்சிரிக்கீங்க?" என்று சிரித்தான். எனக்குச் சிரிக்க வரவில்லை.

டொக்டர் வயதான தமிழர். அன்வரின் முதுகிலும் நெஞ்சிலும் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார். குதிக்கச் சொல்லி மறுபடியும் கேட்டார். நான் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "சுத்தமா இருக்கு. இவருக்கு ஒண்டும் இல்ல. ஆனா வருசத்துக்கு ஒருக்காக் காட்டோணும்" என்றார். நான் அழுதுவிட்டேன். முக்காட்டால் முகத்தைத் துடைக்கக் கையை எடுத்தபோது, அவர் என் நீளமான விரல்களைப் பார்த்தார்.

"பிள்ள, நீங்களும் ஒருக்கா இருங்க."

தாதி திரையை இழுத்தாள். அந்தக் குழாய் முதுகில் பட்டபோது இருந்த குளிர் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. டொக்டர் ஒரே இடத்தில் மூன்று நான்கு தரம் வைத்துக் கேட்டார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"ஒரு இரைச்சல் கேக்குது" என்றார். "பயப்பட வேணாம் எண்டு பொய் சொல்ல மாட்டன். ஆனா நேரத்தோட தெரிஞ்சிட்டுது. பாரம் தூக்கப்படாது. பிள்ளைப் பேறு வீட்டில வேணாம். ஒரு மாசம் முந்தியே ஆஸ்பத்திரிக்கு வந்திருங்க. நான் பாக்கிறன்."

திரும்பி வரும் பஸ்ஸில் அன்வர்தான் சொன்னான்: "நான் கொழும்புக்குப் போகல்ல ராத்தா." அவனுக்கு ஒன்றுமில்லை, எனக்கு இருக்கிறது, அதற்காக அவன் இருந்து என்ன செய்ய? "நீ போ" என்றேன். "வருசா வருசம் நெஞ்சக் காட்டு. அவங்க என்ன சொன்னாலும் முதல்ல உம்மாட்ட சொல்லு. இதுக்கு நீ சத்தியம் பண்ணு." பண்ணினான்.

உம்மாவிடம் சொல்லாமல் விட்டுவிடலாம் என்று உங்கள் மச்சான் சொன்னார். ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவ தாங்குவாவா? எனக்கும் அதே பயம். ஆனாலும் மறுநாள் விடிந்ததும் அவவின் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். உங்கள் சிங்கப்பூர்க் கதையையும் சேர்த்துத்தான்.

உம்மா என் வயிற்றில் கை வைத்தா. பிறகு சொன்னா: "அவன் சொல்லியிரிந்தா, இந்த வீட்டுக்கு ஒரு கல்லும் வைக்க உட்டிரிக்க மாட்டன் கா. ஓலைக்குள்ள கிடந்திரிப்பம். என்ட புள்ள உசிரோட இரிந்திரிப்பான்."

அழவில்லை. எழுந்து போய்க் கிணற்றடியிலிருந்த வாளியை எடுத்துக்கொண்டா. அன்றிலிருந்து தண்ணீர் அள்ளுவது அவதான். இரவில் என் பக்கத்தில் படுத்து, நான் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறா. அவ உறங்குவதில்லை; நானும் உறங்குவதில்லை. ஆனால் இருவரும் கதைத்துக்கொண்டிருக்கிறோம்.

அன்வர் போய்விட்டான். திங்கட்கிழமை நான் மட்டக்களப்புக்குப் போகிறேன்; உம்மாவும் கூட வருகிறா. பிள்ளை எப்படிப் பிறக்கும், நான் திரும்பி வருவேனா, ஒன்றும் தெரியாது. எனக்குப் பயம், காக்கா.

ஒரு வாக்குத் தருகிறேன். எனக்கு வலித்தால், வலிக்கிறது என்று அந்த நேரமே வாய் திறந்து சொல்வேன். யாரைக் காப்பாற்றுவதற்காகவும் மூடி வைக்க மாட்டேன். ஹயாத்து இருந்து நான் பிழைத்து, என் பிள்ளை வளர்ந்தால், அதற்கும் முதலில் இதைத்தான் சொல்லிக் கொடுப்பேன்.

எனக்காக துஆச் செய்யுங்கள்.

உங்களுக்கு நேர் இளையவள்,
தங்கச்சி ஸபியா