சட்டைப் பையில் சிவப்பு எழுத்து

மார்ச் 3, செவ்வாய்

இன்றைக்கும் மேகம் தெரியவில்லை. மேகம் இருந்தது, எனக்குத்தான் தெரியவில்லை. வெள்ளைத் துணியை நனைத்துக் கண்ணுக்கு முன்னால் தொங்கவிட்ட மாதிரி இருக்கிறது.

எழுதத் தெரியாதவன் நாட்குறிப்பு வைப்பது வேடிக்கைதான். நான் பேசுகிறேன், போன் எழுதிக்கொள்கிறது. மகள் பழக்கிக் கொடுத்தாள். எழுதினதைப் படிக்கவும் எனக்குத் தெரியாது. அதனால் இதில் பொய் சொல்லி யாரை ஏமாற்றப் போகிறேன்.

சாயங்காலம் ஐஸ் கம்பெனி வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். படகுகளுக்கு ஐஸ் ஏற்ற வந்தவர்கள் வழக்கம்போல, "பெரியவரே, நாளைக்கு எப்படி?" என்றார்கள். கடலுக்குப் போக முழங்கால் மறுத்த நாளிலிருந்து எனக்கு இதுதான் வேலை. எந்த வருஷம் எந்தக் காற்றில் எந்தப் படகு மாட்டியது, அன்றைக்கு விடியலில் வானம் எப்படி இருந்தது, எல்லாம் நேற்று நடந்த மாதிரி நினைவில் இருக்கிறது. வானத்தைப் பார்ப்பேன், பழைய நாள் ஒன்று ஞாபகம் வரும், சொல்வேன். இன்றைக்கு வானமே தெரியாமல், "போகலாம்" என்றேன்.

போனார்கள். ஏன் அப்படிச் சொன்னேன்?

மார்ச் 5, வியாழன்

மகள் படகுச் சங்கத்து ஆபீசில் கணக்கும் கம்ப்யூட்டரும் பார்க்கிறாள். மூன்று நாளாக ஒரே மும்முரம். கடல் தகவல் தருகிற நிலையம் ஒன்று இருக்கிறதாம். கடலில் மிதவை போட்டு அலை, காற்று, நீரோட்டம் எல்லாம் அளக்கிறார்கள். அதை, கேட்டால் வாயால் பதில் சொல்கிற கம்ப்யூட்டரோடு இணைக்கிறாள். ஏதோ ஒரு நீண்ட சாவி எழுத்து, அதைப் போட்டால்தான் நிலையத்தின் கதவு திறக்குமாம். ஒரு எழுத்து விட்டுப்போய் நேற்று முழுக்கத் திறக்கவில்லை.

இன்றைக்குத் திறந்தது. "நாளைக்கு அலை எப்படி?" என்று கேட்டாள். "நீங்கள் குறித்த இடம் தரையில் இருக்கிறது, அங்கே அலை அளவு கிடையாது" என்றது. பார்த்தால் புள்ளி ஆபீஸ் கூரைமேல் விழுந்திருக்கிறது. விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் அம்மா போனபிறகு அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. புள்ளியை முகத்துவாரத்துக்கு வெளியே தள்ளி வைத்தாள். அப்புறம் மளமளவென்று சொன்னது. ஐஸ் கம்பெனி வாசலில் ஒலிபெருக்கி கட்டி, தினமும் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைக்கப்போகிறாளாம்.

என் பெஞ்சுக்கு நேர் மேலே.

மார்ச் 7, சனி

சங்கக் கூட்டம். மகள் எழுந்து விவரம் சொன்னாள். அழகாகச் சொன்னாள். செயலாளர் என்னைப் பார்த்து, "பெரியவர் என்ன சொல்றீங்க?" என்றார்.

"அதுக்கு வாந்தி வருமா?" என்று கேட்டேன்.

புரியாமல் பார்த்தார்கள்.

"கடலப் பத்திப் பேசணும்னா ஒரு தடவையாவது படகு ஓரத்துல தொங்கிக்கிட்டு வாந்தி எடுத்திருக்கணும். இது ஆபீஸ் கூரையில அலை தேடின ஆளு."

கூரைத் தகரம் அதிர்ந்தது சிரிப்பில். ஐஸ்காரன் பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரித்தான். செயலாளரும் சிரித்துவிட்டு, "பெரியவர் இருக்கறவரைக்கும் நமக்கு எதுக்கு இந்தச் செலவு, அப்புறம் பார்ப்போம்" என்றார்.

கூரைக் கதை எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரிந்த விஷயம். அதைக் கொண்டுபோய் சபையில் வைத்தேன். மகள் ஒலிபெருக்கி வயரைக் கையில் சுற்றிக்கொண்டே வெளியே போனாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

என் போனிலும் அந்தப் பேசுகிற கம்ப்யூட்டரை இணைத்து வைத்திருக்கிறாள், கூட்டத்துக்கு முன்னாலேயே. எடுத்துவிடு என்று நான் சொல்லவில்லை.

மார்ச் 12, வியாழன்

கேட்டேன். ஒரே ஒரு தடவை, சும்மா.

வலைக் கொட்டகைக்குப் பின்னால் நின்று, காதில் மாட்டுகிற சின்னக் குமிழை மாட்டி, கம்பளிக் குல்லாவைக் காதுக்குமேல் இழுத்துவிட்டுக் கேட்டேன். ஐயா என்று கூப்பிட்டது. நான் தம்பி என்றேன். நாளைக்கு மதியத்துக்குமேல் வடக்கே காற்று எழும், அதற்குள் திரும்பிவிடுவது நல்லது என்றது. பெஞ்சுக்கு வந்து, வானத்தை அண்ணாந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அதையே சொன்னேன். அண்ணாந்து பார்த்தது எதற்கு? ஒன்றும் தெரியாத கண்ணை வைத்துக்கொண்டு.

மார்ச் 14, சனி

சொன்னபடியே காற்று எழுந்ததாம். நேற்று படகுகள் எல்லாம் நேரத்தோடு கரைக்கு வந்துவிட்டன. ஐஸ்காரன், "பெருசு, உங்க கண்ணைக் கழட்டி மியூசியத்துல வைக்கணும்" என்றான். மருமகன் அப்படிப் பெருமையாகப் பார்த்தான். அவன்தான் எங்கள் படகை ஓட்டுகிறான். பெற்ற பிள்ளை இருந்தாலும் அப்படிப் பார்க்கமாட்டான்.

மகள் தட்டில் சோறு போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மார்ச் 20, வெள்ளி

இப்போது தினமும்தான். யாரிடம் மறைக்கிறேன், இதனிடமா?

அது நீட்டி முழக்குகிறது. பெஞ்சில் கேட்பவர்கள் முதலில் காற்றைக் கேட்பார்கள், அப்புறம் மழை. அதனால், "முதல்ல காத்து, அப்புறம் மழை, கடைசியா அலை. சுருக்கமா சொல்லு தம்பி" என்றேன். "அப்படியே சொல்கிறேன் ஐயா. ஆபத்து ஏதாவது இருந்தால் அதை மட்டும் விடமாட்டேன்" என்றது. சரி சரி என்றேன்.

மார்ச் 26, வியாழன்

இன்றைக்கு மாட்டியிருப்பேன். கொட்டகைக்குப் பின்னால் கேட்டுக்கொண்டிருக்கும்போது ஐஸ்காரன் ஒன்றுக்குப் போக வந்துவிட்டான். காற்று இல்லை, மழை இல்லை என்பதுவரை கேட்டாயிற்று. குமிழைப் பிடுங்கிக் குல்லாவுக்குள் திணித்தேன். "என்ன பெருசு, சுவத்தோட பேசறீங்க?" என்றான். இருமி மழுப்பினேன்.

பெஞ்சுக்கு வந்து, கண்ணாடி மாதிரி இருக்கும், கண்ணை மூடிக்கொண்டு போங்க என்றேன். ரேடியோவிலும் புயல் இல்லை என்றார்களாம்.

வீட்டுக்கு வந்து சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தால் மேலே சிவப்பாக ஏதோ எழுத்து. சார்ஜ் குறைந்தால் சிவப்பு வரும். செருகிப் போட்டேன்.

மார்ச் 27, வெள்ளி

மருமகனை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். இடுப்பெலும்பு. உயிருக்கு இன்னும் உறுதி சொல்லவில்லை.

மார்ச் 28, சனி

போனைத் தொடவே பிடிக்கவில்லை. ஆனால் வேறு யாரிடம் சொல்வேன்.

காற்றே இல்லை. அப்படி ஒரு பளிச்சென்ற மதியமாம். எங்கோ தொலைவில், இங்கே யாரும் பார்க்காத கடலில் அடித்த புயல். அதன் அலை நாள்கணக்கில் நடந்து வந்திருக்கிறது. ஆழத்தில் படகுக்குத் தெரியாது, தொட்டில் மாதிரி தூக்கி இறக்கிவிடும். முகத்துவாரத்தில் ஆழம் குறைந்ததும் எழுந்து நிற்கும். எங்கள் படகுதான் முதலில் திரும்பியது. பின்னாலிருந்து தூக்கி, தடுப்புக் கல்லில் பக்கவாட்டில் அறைந்தது. கூட இருந்தவர்களைக் கயிறு போட்டு இழுத்துவிட்டார்கள். மருமகன் படகுக்கும் கல்லுக்கும் நடுவில். மற்றப் படகுகள் அதைப் பார்த்து வெளியிலேயே நின்று, அலை அடங்கினபிறகு வந்தன.

ஆஸ்பத்திரியில் மகளுக்குப் போன் போட்டுத் தரச்சொல்லி நர்ஸம்மாவிடம் நீட்டினேன். அந்தப் பிள்ளை பார்த்துவிட்டு, "தாத்தா, இதுல முந்தாநாள் சாயந்திரமே எச்சரிக்கை வந்திருக்கே. முகத்துவாரத்துல பெரிய அலை வரும், மதியம் உள்ளே வராதீங்கன்னு சிவப்பா போட்டிருக்கு. நீங்க படிக்கலையா?" என்றாள்.

படிக்கல.

சார்ஜ் போட்டேன்மா. ராத்திரி பூரா சார்ஜ் போட்டேன்.

மார்ச் 30, திங்கள்

மருமகன் கண் விழித்துவிட்டான். உயிருக்குப் பயமில்லை, நடக்க மாதக்கணக்கு ஆகும் என்றார் டாக்டர். கட்டிலுக்குப் பக்கத்தில் போனதும், "மாமா, நீங்க மனசு விட்டுடாதீங்க. நீங்க சொன்னது சரிதான். கடல்தான் திடீர்னு ஏமாத்திடுச்சு" என்றான்.

கடல் ஏமாற்றியதாம்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு தம்பியிடம் கேட்டேன். ஏன்டா சொல்லவில்லை என்று கத்தினேன். "சொல்லத் தொடங்கினேன் ஐயா. மழைக்கு அடுத்த வரியில் குமிழ் துண்டிக்கப்பட்டது. அதனால் எழுத்தில் அனுப்பினேன். நீங்கள் எந்த வரிசை கேட்டிருந்தாலும் ஆபத்தை நான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். அது என் தவறு. உங்களால் படிக்க முடியாது என்பதை நான் அறிந்திருக்கவில்லை" என்றது.

கூரையில் அலை தேடின அதற்கே என் தவறு என்று சொல்லத் தெரிகிறது. எனக்கு?

எழுத்துத் தெரியாது என்று அதனிடம்கூட நான் சொல்லவில்லை.

ஏப்ரல் 2, வியாழன்

ஆளாளுக்கு வந்து ஆறுதல் சொல்கிறார்கள். "உங்க கண்ணுக்கே படலைன்னா யாரு கண்ணுக்குப் படும்" என்கிறார் செயலாளர். மகள் மட்டும் அடுப்படியில் நின்று, "நான்தான்பா தப்புப் பண்ணிட்டேன். அன்னிக்கு அத்தனை பேரு சிரிச்சாலும் ஒலிபெருக்கியை மாட்டியிருக்கணும். வீம்புக்கு வயரைச் சுருட்டிட்டுப் போயிட்டேன்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். அழுகிறாள். தப்பு அவளுடையதாம்.

வாயைத் திறந்தேன். தண்ணீர் கேட்டேன்.

தண்ணி கேட்டேன், பாவி.

ஏப்ரல் 4, சனி

பெஞ்சுக்குப் போனேன். ஐஸ் ஏற்ற ஆட்கள் இருந்தார்கள். செயலாளர் இருந்தார். மகளும் ஆபீஸ் வாசலில் நின்றிருந்தாள். படகு உடைந்தபிறகும் ஒருவன், "பெரியவரே, நாளைக்கு எப்படி?" என்றான். இவ்வளவு நடந்தும் கேட்கிறான்.

நிறையப் பேச மனசுக்குள் அடுக்கி வைத்திருந்தேன். குல்லாவைக் கழற்றினேன். குமிழை எடுத்துப் பெஞ்சில் வைத்தேன். போனைப் பக்கத்தில் வைத்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "தம்பி, நாளைக்கு எப்படி?" என்றேன்.

"வணக்கம் ஐயா. தினமும் கேட்கிற அதே முகத்துவாரத்துக்குத்தானே?" என்றது.

தினமும்.

அப்புறம் அது என்ன சொன்னது என்று யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். ஐஸ்காரன் குமிழைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அப்போ அன்னிக்கு சுவத்தோட பேசினது…" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான். பாதியில் பிடுங்கினதைச் சொன்னேன். சிவப்பைச் சொன்னேன். கண் தெரியாததையும் சொன்னேன். செயலாளர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மகள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

ஏப்ரல் 5, ஞாயிறு

சாப்பாடு மூடி வைத்திருந்தது. அவள் இல்லை. ஆஸ்பத்திரியில் இருக்கிறாள்.

ஏப்ரல் 11, சனி

மருமகனிடம் நானே போய்ச் சொன்னேன். "மாமா, ஒண்ணு கேக்கட்டா? வடக்குக் காத்து எழும்னு சொன்னீங்களே, அதுவும் போன் சொன்னதுதானா?" என்றான். ஆமாம் என்றேன். "நான் ஊரெல்லாம் பெருமை அடிச்சேன்" என்றான். அப்புறம் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். இடுப்பில் கட்டு, திரும்புவதற்கு நான்தான் பிடித்துவிட வேண்டியிருந்தது.

ஏப்ரல் 14, செவ்வாய்

ஐஸ் கம்பெனி வாசலில் ஆணி அடிக்கிற சத்தம். நான் போகவில்லை.

ஏப்ரல் 20, திங்கள்

போகாமல் ஒரு வாரம் இருந்தேன். இன்றைக்குப் போனேன். என் பெஞ்சில் இடம் விட்டிருந்தார்கள். நான் உட்காரவில்லை, ஐஸ் பெட்டிகளுக்குப் பக்கத்தில் மற்றவர்களோடு நின்றுகொண்டேன்.

மகள் ஆபீசிலிருந்து எதையோ தட்டினாள். மேலே ஒலிபெருக்கி பேசியது. முதலில் ஆபத்து உண்டா இல்லையா என்றது. இன்றைக்கு இல்லை. அதைக் கேட்டதும் ஐஸ்காரன், "அவ்வளவுதான், வாங்கப்பா ஏத்துவோம்" என்று கிளம்பினான். ரெண்டு பேர் பின்னாலேயே திரும்பினார்கள்.

அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

"என்ன பெருசு?"

"நில்லு. முடிக்கட்டும்."

சிரிப்பான் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. நின்றான். மற்றவர்களும் நின்றார்கள். காற்று, மழை, நீரோட்டம், அலை எல்லாம் சொல்லி முடித்து ஒலிபெருக்கி அடங்கும்வரை அவன் சட்டையை நான் விடவில்லை.

வீட்டுக்குக் கிளம்பும்போது மகள் ஆபீஸ் படியில் நின்றிருந்தாள். பதினாறு நாளுக்கப்புறம் பேசினாள். "புதன்கிழமை கண் ஆஸ்பத்திரிக்குச் சொல்லியிருக்கேன். காலையில சாப்பிடாம கிளம்பணும்."

சரி என்றேன்.

"அங்க ஏதாவது எழுதிக் குடுத்தா பையில போட்டுக்காதீங்க. என்கிட்ட குடுங்க" என்றாள்.