பெரட்டில் நீங்கள் சொன்ன உண்மை

இன்று காலை காஜா பேராங் சாலையில் ஒரு லோரி பழுதாகி நம் வீட்டுக்கு எதிரே நின்றுவிட்டது. தார்ப்பாய்க்கு அடியில் முழுக்க ரப்பர் ஷீட்டுகள். புகை போட்ட ரப்பரின் நெடி சன்னல் வழியே வந்து அடுப்படி வரை நிறைந்தது. குளித்துவிட்டு வந்தாலும் உங்கள் மேல் ஒட்டியிருக்குமே, அதே நெடி. சன்னலைச் சாத்தப் போனவள் சாத்தாமல் நின்றுவிட்டேன். நீங்கள் போய் ஒரு வருஷமாகிறது. உங்களிடம் பேசாமல் இன்று என்னால் இருக்க முடியவில்லை.

போன ஞாயிறு ஆலயத்தில் அறுப்பின் பண்டிகை. சாட்சி சொல்ல எழுந்தவர் யார் தெரியுமா? நீங்கள் வேண்டாமென்று விட்ட வேலையில் போய் உட்கார்ந்தாரே, அவர்தான். "தெங்கேராவுல சொந்த வீடு, மூத்தவன் சிங்கப்பூர்ல படிக்கிறான், கர்த்தர் என்னைக் கைவிடல" என்றார். மனுஷர் கெட்டவர் இல்லை, சொன்னதும் பொய்யில்லை. எல்லோரும் ஆமென் சொன்னார்கள். என் வாயும் சொன்னது. பிறகு போதகர், தேவபிள்ளையின் வாழ்க்கை ஜெயமுள்ள வாழ்க்கை என்று பிரசங்கித்தார். நான் பாட்டுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உங்கள் வாழ்க்கையை நினைத்தேன். அதை என்னவென்று சொல்வது?

மெர்டேக்கா கிடைத்து வெள்ளைக்காரர் ஆட்சி போய்ச் சில வருஷம் இருக்கும். ரப்பர் தோட்டத்தில் நீங்கள் கணக்கெழுதும் கிராணி, ஆபீஸ் பக்கத்திலேயே நமக்கு வீடு. துரை தோட்டத்தை விற்றுவிட்டுக் கப்பலேறினார். வாங்கியவர்கள் நிலத்தைத் துண்டு போட்டு விற்கப் பார்த்தார்கள். லயத்து வரிசை வீடுகளில் குடியிருந்த ஆட்கள் அதற்கு இடைஞ்சல். புதிய முதலாளியின் ஆள் நம் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, நான் கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டே பேசினார்.

"சர்க்கார் உத்தரவு, எல்லாரும் காலி பண்ணணும்னு சொல்லிடுங்க கிராணி. நீங்க சொன்னா நம்புவாங்க. டவுன் ஆபீஸ்ல வேலை, தெங்கேராவுல வீடு, எல்லாம் நான் பாத்துக்கிறேன்."

அவர் போன பிறகு நீங்கள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. முழங்காலில் நின்று வெகுநேரம் ஜெபித்தீர்கள். மறுநாள் விடியற்காலை, ஆட்கள் வேலைக்கு வரிசை நிற்கும் பெரட்டில் நீங்கள் சொன்னது வீட்டு வாசல் வரை எனக்குக் கேட்டது.

"சர்க்கார் உத்தரவுன்னு உங்ககிட்ட சொல்லச் சொன்னாங்க. அப்படி ஒரு உத்தரவும் கிடையாது. முதலாளி நிலத்த விக்கிறாரு. அவ்வளவுதான்."

எனக்கு அன்று எவ்வளவு பெருமையாக இருந்தது! வேலை அன்றைக்கே போயிற்று. டவுனில் காஜா பேராங்கில் இந்த வாடகை வீட்டுக்கு வந்தோம். சாமான் இறக்கும்போது நீங்கள் மெல்லப் பாடிக்கொண்டே இறக்கினீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் பாடி நான் கேட்டதில்லை.

உங்கள் சொல்லை நம்பி ஆட்கள் லயத்தை விட்டு அசையவில்லை. வேலை இல்லை, சம்பளம் இல்லை, ஆனாலும் இருந்தார்கள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அரிசியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வருவீர்கள். கொஞ்ச நாளில் முதலாளி தரப்பில் லயத்துத் தண்ணீர்க் குழாயை மூடிவிட்டார்கள். ஜனங்கள் ரப்பர் ஆலைக்குப் பின்னாலிருந்த ஓடையில் மொண்டு குடித்தார்கள். பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு கண்டது. ரப்பர் மரத்தில் பால்வெட்டும் அஞ்சலையின் மகள் வள்ளி, டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரும் வழியிலேயே போய்விட்டாள். தோட்டத்தில் இருந்தபோது பிள்ளையில்லாத நம் வீட்டுப் பின்வாசலுக்குத் தினமும் வந்து பிஸ்கோத்துக்குக் கை நீட்டுவாளே, அந்த வள்ளி.

அதன்பின் யாருக்கும் அங்கே இருக்க மனமில்லை. ஆளுக்கொரு திசையாகப் போனார்கள். நிலமும் துண்டு துண்டாக விற்றுப்போனது. குருபோங் பக்கம் உறவுக்காரர் வீட்டுக்குப் போகும் வழியில் அஞ்சலை நம் வாசலில் வந்து நின்றாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ஐயா, போகச் சொல்லியிருந்தீங்கன்னா அன்னைக்கே எம்புள்ளையத் தூக்கிக்கிட்டுப் போயிருப்பேன்" என்றாள்.

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பீர்கள். அவள் மெதுவாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு மூட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அப்புறம் நீங்கள் மளிகைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தீர்கள். வீட்டில் வாய்விட்டு ஜெபிப்பதை நிறுத்திவிட்டீர்கள். ஒரு சாயங்காலம், சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திக் கேட்டீர்கள்: "நான் பொய் சொல்லியிருக்கணுமோ?"

"உண்மையத்தானேங்க சொன்னீங்க."

"ஆமா. உண்மையச் சொல்லிட்டு நான் இங்க வந்துட்டேன். தண்ணியில்லாம கெடந்தது அவங்க."

உங்கள் தட்டில் இன்னும் கொஞ்சம் சோற்றை வைத்தேன்.

நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும் அதே நினைவுதான். "அங்க போனா ஆண்டவரு வள்ளியப் பத்திக் கேப்பாரு. நான் என்ன சொல்ல?" என்றீர்கள். குழாயை மூடினவங்களத்தான் கேப்பாரு என்றேன். நீங்கள் தலையை ஆட்டிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். நம்பவில்லை என்று எனக்குத் தெரியும்.

அடக்கத்துக்கு அஞ்சலை வந்திருந்தாள். எப்படிக் கேள்விப்பட்டாளோ. ஒரு பிடி மண் போட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்ல மனுசரும்மா. எங்ககிட்ட உண்மையச் சொன்ன ஒரே ஆளு அவருதான்."

நான் அழ ஆரம்பித்தேன். அவள் கையை விடாமலே சொன்னாள்: "ஆனா எம்புள்ள இல்லியேம்மா."

போன ஞாயிறு நானும் எழுந்து சாட்சி சொல்லியிருக்கலாம். அடக்கத்தில் அஞ்சலை முதலில் சொன்னதை மட்டும் சொல்லியிருந்தால் சபை முழுவதும் ஆமென் சொல்லியிருக்கும். அந்தப் பாதியை மட்டும் எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஆண்டவர் சிலுவையில் தொங்கியதைப் பார்த்தவர்களுக்கும் அது தோல்வியாகத்தான் தெரிந்திருக்கும் என்று என்னையே தேற்றிப் பார்க்கிறேன். உங்களுக்கு அந்தத் தேறுதல் பொருந்தலாம். வள்ளிக்கு எப்படிப் பொருந்தும்? அந்தக் குழந்தை எதையும் தெரிந்துகொண்டு தன்னை ஒப்புக்கொடுக்கவில்லையே. தாகத்துக்குக் குடித்தாள், அவ்வளவுதானே.

நீங்கள் ஜெயித்தீர்களா என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாமலேயே நானும் போய்ச் சேர்ந்துவிடுவேன் போலிருக்கிறது. நீங்கள் விட்ட ஜெபத்தை நான் மட்டும் விடவில்லை. தினமும் காலையில் முழங்கால் போடும்போது முதலில் வள்ளியின் பெயரைச் சொல்கிறேன். அதற்குப் பிறகுதான் உங்கள் பெயர்.