ஏழு தடவையும் பாஸ்

பிப்ரவரி 11, செவ்வாய்

பிற்பகல் 4.12. பட்டறைச் சுவர்க் கடிகாரத்தில் பார்த்தேன். தொப்பியைக் கையில் பிடித்தபடி இரண்டு போலீஸ்காரர்கள் ஷட்டர் அருகே நின்றார்கள். "ஹியூ பிரைஸ் நீங்கதானே சார்?"

நெரிஸ். என் மனைவி. வேலை முடிந்து வரும்போது. டவுன்ஹில் சாலை இறக்கத்தில், மழையில். முன்னால் போன பஸ் நின்றிருக்கிறது, இவள் பிரேக் பிடித்திருக்கிறாள், ஸ்கூட்டர் வழுக்கிக்கொண்டு போய்ச் சுவரில். அந்த இடத்திலேயே.

என் முன்னால் ஒரு வேன், வருடத் தகுதிச் சோதனை பாதி முடிந்த நிலையில் நின்றது. அதை முடித்தேன். கைபிரேக் சரி, விளக்குகள் சரி, பாஸ் என்று கணினியில் ஏற்றிவிட்டுத்தான் அவர்களோடு போனேன்.

எவனாவது இப்படிச் செய்வானா?

பிப்ரவரி 12

அவளுடைய மருத்துவமனைச் சீருடை ஹீட்டர் மேல் காய்கிறது. எடுக்கவில்லை.

பிப்ரவரி 28, வெள்ளி

அடக்கம் முடிந்தது. தேவாலயத்தின் பின்னறையில் ஹாம் சாண்ட்விச், டீ. எல்லாரும் என் தோளைத் தொட்டார்கள். ஒன்றும் உறைக்கவில்லை.

அவள் அம்மா மென்னா எல்லாரிடமும் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். "அந்தப் பச்ச வண்டி ஒருநாளும் அவ கால வாரினதில்ல. ஏழு வருஷம், ஏழு சோதனை. ஒரு தடவகூட ஃபெயில் ஆனதில்ல. என் மருமகனே பாத்து பாஸ் போடுவான்."

மருமகனே பாத்து.

எழுந்து கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

மார்ச் 2

சரி, எழுதிவிடுகிறேன். வேறு யார் படிக்கப்போகிறார்கள்.

எங்கள் பட்டறைக்கு வரும் சின்ன ஸ்கூட்டர்களில் ஐந்தில் ஒன்று வருடச் சோதனையில் விழும். விளக்கு எரியாது, பிரேக் கட்டை தேய்ந்திருக்கும், டயர் தேய்ந்து பட்டன் இருக்காது. நெரிஸின் பச்சை ஸ்கூட்டர் 'பட்டாணி' மட்டும் விழுந்ததே இல்லை. அதிசய வண்டி!

அதிசயம் ஒரு மண்ணும் இல்லை. முதல் தடவை அவள் கொண்டுவந்தபோது பின் பிரேக் விளக்கு எரியவில்லை. எனக்கு அவளை அதற்கு முன் தெரியாது. மஞ்சள் ரெயின்கோட், மூக்கு நுனியில் தண்ணீர். "ஃபெயில்னு மட்டும் சொல்லிடாதீங்க சார், அழுதுருவேன்" என்று சிரித்தாள். பல்பை மாற்றிவிட்டுச் சுத்தமான பாஸ் போட்டேன். சோதனையின்போது பழுது பார்த்தால் அதையும் பதிவில் காட்ட வேண்டும் என்பது விதி. காட்டவில்லை. அடுத்த வாரம் கேக்கோடு வந்தாள்.

அதிலிருந்து அதுதான் வழக்கம். பிரேக் கட்டை, கேபிள், பேரிங் — மாற்றுவேன், அவளிடம் சொல்ல மாட்டேன், பதிவிலும் எழுத மாட்டேன். வண்டி எண்ணை இணையத்தில் தட்டினால் யார் வேண்டுமானாலும் அதன் சரித்திரத்தைப் பார்க்கலாம். நெரிஸ் அதைத் திறந்து தோழிகளிடம் காட்டுவாள். "பாருடி, ஒரு கறை இருக்கா?"

பட்டறை முதலாளி டெரிக் கிண்டல் செய்வார். "ஹியூ, உன் பொண்டாட்டி வண்டி கன்னியாஸ்திரிடா. பேசாம மடத்துல சேத்துடு."

வண்டியை அவள் அவ்வளவு நம்பினாள். நம்பும்படி நான்தான் செய்தேன்.

மார்ச் 6, வியாழன்

போலீஸ் வாகனப் பரிசோதகர் மிசஸ் போவன் போன் செய்தார். மென்மையான குரல்.

"மிஸ்டர் பிரைஸ், முன் டயர்ல பட்டன் சட்ட அளவுக்குக் கீழ இருக்கு. செப்டம்பர் பதிவுல எச்சரிக்கைக் குறிப்பு ஒண்ணுமே இல்ல. அப்ப நல்லா இருந்திருக்கணும். அஞ்சு மாசத்துல இவ்வளவு தேய்ஞ்சிருக்குன்னா... மன்னிச்சுக்கோங்க, உங்க மனைவி கவனிக்காம ஓட்டியிருக்காங்கன்னுதான் எழுத வேண்டி வரும்."

"சரி" என்றேன்.

சரியாம்! வேற வார்த்தையே கெடைக்கலயாடா உனக்கு?

மார்ச் 7

தோட்டக் கொட்டகையைத் திறந்தேன். புது முன் டயர் ஆணியில் தொங்குகிறது, சீட்டுகூடக் கிழிக்கவில்லை. பில் தேதி செப்டம்பர் 12. சோதனை நடந்த அதே நாள்.

அன்று கேஜ் வைத்து முன் டயரின் பட்டன் ஆழத்தை அளந்தேன். 1.2 மில்லிமீட்டர். சட்டத்துக்கு 1 போதும். பாஸ்தான். ஆனால் 'டயர் தேய்ந்துள்ளது, விரைவில் மாற்றவும்' என்று ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். அவள் பதிவில் கறை விழக்கூடாதே! சனிக்கிழமை நானே மாற்றிவிடுவேன் என்று விட்டேன். சனிக்கிழமை ரக்பி. அடுத்த சனி மழை. அதற்கடுத்து... மறந்தே போனேன்.

அந்த ஒரு வரியைப் போட்டிருந்தால் அவளே பின்னாலேயே நின்று நச்சரித்து மாற்ற வைத்திருப்பாள்.

மார்ச் 8, சனி

டெரிக்கிடம் சொன்னேன். கப்பைக் கீழே வைத்தார்.

"யார்கிட்டயும் வாயத் திறக்காத. 1.2 பாஸ்தான், நீ தப்புப் போடல."

"எழுத வேண்டியத எழுதல. ஏழு வருஷமாவே எழுதல."

"சோதனை பண்ற உன் லைசென்ஸ் போயிடும்டா. என் பட்டறையயும் நோண்டுவாங்க. போனவ போயிட்டா தம்பி. காகிதத்துல என்ன எழுதினா அவளுக்கு என்ன வலிக்கப்போகுது?"

"அவ மேல பழி போடறாங்க டெரிக்."

"போட்டுட்டுப் போறாங்க. அவளா வந்து கேக்கப்போறா?"

நல்ல மனுஷன்தான். எங்கள் கல்யாணத்தில் பாட்டுப் பாடியவர். அவர் மூக்கில் குத்தவேண்டும் போலிருந்தது. முந்தாநாள் போனில் "சரி" என்றவனும் இதைத்தானே நினைத்தான்?

மார்ச் 10

முதலில் மென்னாவுக்குச் சொன்னேன். கையில் இருந்த அடுப்புத் துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"அப்ப அந்த வண்டி நல்ல வண்டியே இல்லயா?"

"சாதாரண வண்டி அத்தை. எல்லா வண்டியும் மாதிரி."

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"பெருமையா சொல்லிட்டுத் திரிஞ்சாளேடா. நானும்ல சொன்னேன், சவப்பெட்டி பக்கத்துல நின்னுட்டு."

கதவை அவள்தான் திறந்துவிட்டாள். என்னை அணைக்கவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

டயரைத் தோளில் மாட்டிக்கொண்டு காவல் நிலையம் போனேன். பில்லையும் கொடுத்தேன். ஏழு வருடத்தையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். மிசஸ் போவன் எழுதினார்.

"இதால உங்களுக்கு என்ன ஆகும்னு தெரியுமில்ல?"

"தெரியும். 'கவனிக்காம'ங்கற வார்த்தைய எடுத்துடுவீங்களா?"

"அவங்க பேர் பக்கத்துலேருந்து எடுத்துடறேன்" என்றார்.

ஏப்ரல் 24

லைசென்ஸ் ரத்து. டெரிக் என் கருவிப் பெட்டியை வாசலில் வைத்திருந்தார். உள்ளே கூப்பிடவில்லை.

ஜூலை 15

மரண விசாரணை. என் வாக்குமூலத்தை முழுதாக வாசித்தார்கள். எழுபத்தைந்து பேருக்கு இடமிருக்கும் கூடத்தில் ஒன்பது பேர். மென்னா முன்வரிசையில் தனியாக. 'ஓட்டியவர்மீது குறையில்லை' என்று வாசித்தபோது மட்டும் திரும்பி என்னைப் பார்த்தாள். அது மன்னிப்பா இல்லையா, தெரியவில்லை. கேட்கவும் மாட்டேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

இப்போது கிடங்கு ஒன்றில் பெட்டி அடுக்குகிறேன். மதிய இடைவேளையில் போன் அதிர்ந்தது. மென்னாவோ என்று எடுத்தேன். அரசாங்கத்தின் நினைவூட்டல்; எப்போதோ நான் பதிந்து வைத்தது. பட்டாணியின் எண். 'உங்கள் வாகனத்தின் வருடச் சோதனைக்கு இன்னும் ஒரு மாதமே உள்ளது.'

எட்டாவது.

போனை அணைத்துவிட்டேன்.