பின்னுக்குப் போன வான்

அக்கா,

இன்று காலை மகளோடு எங்கள் புதுக் காரில் ஏறிச் சாவியைத் திருப்பியதும், என் இடது கை தானாகவே ஸ்ரியரிங்கின் பக்கத்துக்குப் போய் அங்கே இருந்த தடியை இழுத்துவிட்டது. நல்ல வெயில். வைப்பர் காய்ந்த கண்ணாடியைக் கிறீச் கிறீச்சென்று துடைக்கத் தொடங்கியது. "அம்மா, இட்ஸ் நொட் ஈவன் ரெயினிங்!" என்று அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஸ்ரியரிங்கில் கியர் வைத்த வாகனம் என்று நான் கண்டது உங்கள் பழைய வெள்ளை வான் ஒன்றைத்தான். நீங்கள் போய், உங்கள் அந்தியேட்டிச் சடங்கும் முடிந்துவிட்டது, என் கை இன்னும் அதைத் தேடுகிறது.

நான் எதற்கும் பயப்படுகிறவள் என்பது உங்களுக்குத் தெரியாததா? ரவுண்டபவுட் பயம், ட்ராம் பயம், கதவைத் தட்டுகிறவர் ஆங்கிலத்தில் ஏதாவது கேட்டால் பயம். நீங்களோ மெல்பேர்ணுக்கு வந்த கையோடு லைசென்ஸ் எடுத்து, வானும் எடுத்து, சனிக்கிழமைகளில் எங்கள் தெருப் பிள்ளைகளை அள்ளிப்போட்டுக்கொண்டு தமிழ்ப் பள்ளிக்கூடம் போனவர். என் மகளும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. உங்களை நம்பித்தான் அவளை ஏற்றினேன். வானை நான் ஒருநாளும் நம்பியதில்லை.

அந்தக் கியர்த்தடி விழப்போகிற பால்பல் மாதிரி ஆடும். முதல் கியர் என்று நீங்கள் கீழே இழுப்பீர்கள். அது விழுந்ததா இல்லையா என்பது கிளச்சை விட்ட பிறகுதான் தெரியும். சிக்னலில் பின்னாலிருந்து ஹோர்ன் அடிப்பார்கள், நான் கதவுப் பிடியை இறுக்கிப் பிடிப்பேன்.

"அக்கா, கராஜிலை குடுங்கோவன்."

"ஏன், எங்கட கை என்ன கட்டியே கிடக்கு? சண்டைக்குள்ளை சாமான் வரத் தடை போட்ட காலத்திலை ஊரிலை வாகனமெல்லாம் செருப்புத் துண்டிலைதானே ஓடினது."

சொன்னபடியே செய்தீர்கள். ஸ்ரியரிங்குக்குக் கீழே தலையை நுழைத்து, தடியின் அடியில் இருந்த பிளாஸ்ரிக் வளையம் பொடிந்துபோனதைக் கண்டுபிடித்தீர்கள். ரப்பர் செருப்பின் குதியில் ஒரு துண்டு வெட்டி, நடுவில் துளை போட்டு, வளையம் இருந்த இடத்தில் செருகினீர்கள். ஆட்டம் நின்றது. "பாத்தியே, இறுகிப்போச்சு. இனிப் பிள்ளையாரிட்ட ஒருக்காக் காட்டிப்போட்டு வருவம்" என்றீர்கள்.

த பேசின் என்ற இடத்துப் பிள்ளையார் கோயிலில் அன்று எரிகிற வெயில். பூசை முடியும்வரை வான் வெளியே கிடந்து காய்ந்தது. ஐயர் வந்து, "கொஞ்சம் பின்னுக்கு எடுங்கோ" என்று இடம் காட்டினார், எடுத்தீர்கள். வான் ஏறி நசுக்கிப்போகவென்று நாலு சில்லுகளுக்கும் முன்னால் தேசிக்காய் வைத்தார். தேங்காய் உடைப்பது வானுக்கு முன்பக்கம். ஓட்டுத் துண்டு தெறித்துப் பிள்ளைகளின் கண்ணில் பட்டுவிடும் என்று நீங்கள் யன்னலால் தலையை நீட்டி, "எல்லாரும் பின்னால போய் நில்லுங்கோ" என்று சத்தம் போட்டீர்கள். நான் விபூதித் தட்டோடு பக்கத்தில் நின்றேன். இவ்வளவு பயந்தவள், அன்று தேங்காய்க்குத்தான் பயந்தேன்.

தேங்காய் உடைந்தது. ஐயர் ஒதுங்கிக்கொண்டு, "இனி முன்னுக்கு விடுங்கோ" என்றார். நீங்கள் தடியை முதல் கியருக்கு இழுத்தது எனக்கு வடிவாகத் தெரிந்தது. வான் பின்னுக்குப் பாய்ந்தது.

வெக்கையில் இளகிய ரப்பர் நழுவி விழுந்திருக்கிறது. தடி மட்டும் முதல் கியருக்கு வந்திருக்கிறது, கியர்ப்பெட்டி ரிவேர்சிலேயே கிடந்திருக்கிறது. இதெல்லாம் பிறகு தெரிந்த கதை. அப்போது நான் கண்டது, மற்றப் பிள்ளைகள் சிதறி ஓடியதையும் என் மகள் ஓடாமல் நின்றதையும்தான். கத்தினேனா என்று ஞாபகமில்லை. நீங்கள் பிரேக்கில் ஏறி நின்றிருக்க வேண்டும், வான் குலுங்கி நின்றது. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது பின் பம்பர் அவளுடைய பாவாடையைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவளுக்கு ஒன்றும் இல்லை. "அன்ரி இஸ் சோ ஃபனி" என்றாள். தேசிக்காய்கள் நசுங்காமல் அப்படியே கிடந்தன.

நீங்கள் வானைவிட்டு இறங்கவேயில்லை. இறக்கிக் கூட்டிவர வேண்டியிருந்தது. யாரோ காரில் எங்களை டண்டினோங்கில் எங்கள் தெருவில் கொண்டுவந்து விட்டார்கள், வானை இழுத்துவந்து உங்கள் வீட்டு வாசலில் போட்டார்கள். நீங்கள் என் வீட்டுப் பக்கம் வரவில்லை. பொறுக்கமுடியாமல் நானே வந்தேன். குசினி அடுப்படியில் லைட்டும் போடாமல் இருந்தீர்கள்.

"பயந்தாங்கொள்ளி எண்டு உன்னைப் பகிடி பண்ணினனான். நீதான் சரி. இனி நான் அதிலை ஏறமாட்டன்."

நீங்கள் பயந்ததைக் கண்ட பிறகுதான், அக்கா, எனக்கு உண்மையான பயம் பிடித்தது. அதுவரை உங்கள் தைரியத்தில்தானே நானும் காலத்தை ஓட்டினேன். பழைய வாகனங்களை உடைத்து விற்கிற இடத்துக்கு உங்களைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனது நான்தான். அங்கே சரியான வளையம் கிடைத்தது. வாசலில் வைத்து நான் வெளிச்சம் பிடிக்க, நீங்கள் அதைச் செருகிக் கிளிப்பை மாட்டினீர்கள். தடி ஆடவில்லை.

"ஏறு" என்றீர்கள்.

"நானோ?"

லைசென்ஸ் எடுத்து வைத்திருந்தேனே தவிர, அந்த வானை நான் தொட்டதே இல்லை. நீங்கள் சுற்றிப்போய் வானுக்குப் பின்னால் நின்றீர்கள். உங்கள் முதுகுக்குப் பின்னால் கராஜ் கதவு, விலக இடமில்லை.

"என்ன விசர் வேலையக்கா இது! தள்ளுங்கோ!"

"உன்ர பிள்ளையை நான்தான் பின்னால நிப்பாட்டினனான். இண்டைக்கு நான் நிக்கிறன். முதல் கியரைப் போடு."

"என்னாலை ஏலாது."

"ஏலாட்டி இந்த வான் இனி ஒரு பிள்ளையையும் ஏத்தாது. போடு பிள்ளை."

தடியைக் கீழே இழுத்தேன். 'டொக்' என்று விழுந்தது. அதை நம்ப மனம் வரவில்லை. நியூட்ரலுக்கு எடுத்து மறுபடியும் போட்டேன். பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் பார்த்தேன், கையைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு நின்றீர்கள். பிள்ளையாரே என்று கிளச்சை விட்டேன். வான் முன்னுக்குப் போனது.

அந்தச் சனிக்கிழமை முதல் பிள்ளைகளை ஏற்றிப்போனது நான்தான். நீங்கள் பக்கத்துச் சீற்றில் இருந்து எனக்குப் புத்தி சொன்னீர்கள். வானைக் கழித்து எறியும்வரை அப்படியே ஓடியது.

எனக்குத் தைரியம் வந்துவிட்டது என்று எழுதினால் நீங்களே சிரிப்பீர்கள். வரவில்லை. எந்த வண்டியில் இருந்தாலும் பிரேக்கிலிருந்து காலை எடுக்க முன் அந்தப் பின்பக்கக் கண்ணாடியைப் பார்க்கிறேன். என்னை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டு ஒரு ஆள் அங்கே நின்றால்தான் என்னால் வண்டியை எடுக்க முடியும் போல இருக்கிறது. இப்போது அங்கே யாரும் இல்லை, அக்கா. பயமாக இருக்கிறது.